மூன்றாம் எண் பாட்டில்

அன்புள்ள ஜோயல்,

உன் கடிதம் வந்து பதினோரு நாளாகிறது. ஏன் பதில் போடவில்லை என்று கேட்டால், தூத்துக்குடிப் புதுத் துறைமுகத்தில் நாற்பது கப்பல்கள் வரிசையாக நின்று என் கையெழுத்துக்காகக் கண்ணீர் விட்டன என்று சொல்வேன். நீ நம்பமாட்டாய். வந்தது ஒரே கப்பல். அதுவும் உரத் தொழிற்சாலைச் சரக்கை இறக்கிவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்விட்டது. நான் மேசையில் காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன். தினமும் சாயங்காலம் உட்கார்ந்தேன். பேனாவில் மை இருந்தது. எழுதவில்லை, அவ்வளவுதான்.

பம்பாயில் உன் குடியிருப்பு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு நம்முடையதைப் போலச் சாப்பாட்டை ருசித்துப் பார்க்கும் ஒரு சபை தொடங்கப் போவதாகவும், அதன் நோட்டில் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ள நம் சபை எப்படித் தோன்றியது, எதற்காகத் தோன்றியது என்று நான் எழுதியனுப்ப வேண்டும் என்றும் கேட்டிருக்கிறாய். அதோடு விட்டாயா? தை மாதம் நாசரேத்தில் உன் கல்யாண விருந்தில் நான் எழுந்து நின்று, சபைத் தலைவர் என்ற முறையில், பதார்த்தம் பதார்த்தமாகத் தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம். மணப்பெண் ஸ்டெல்லா வீட்டார் பம்பாயில் அதற்காகவே காத்திருக்கிறார்களாம். என்னைப் பற்றி அங்கே ஏகமாக அளந்து வைத்திருக்கிறாய். அந்தக் கேப்டன் கதையையும் சொல்லிவிட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம் இவ்வளவு நாள் இழுத்துவிட்டது.

கேப்டன் கதை உனக்கு மனப்பாடம். அரசாங்கம் மதுக்கடைகளைத் திறந்துவிட்ட சமயம். கப்பல்கள் கரைக்கு வராமல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும், தோணிகள் போய்ச் சரக்கை இறக்கி வரும் பழைய துறைமுகக் காலம். ஏஜென்ட் ஆபீஸ் குமாஸ்தாவாகிய நான் ஒரு கிரேக்கக் கப்பலின் காகிதங்களை ஒரே நாளில் முடித்துக் கொடுத்தேன். கேப்டன் மகிழ்ந்துபோய் ஒரு பச்சைப் பாட்டில் ஒயினை என் கையில் கொடுத்து, ‘இன்று காலை என்ன சாப்பிட்டாய்?’ என்று கேட்டார். நான் ஆப்பத்தின் மொறுமொறு ஓரத்தில் புறப்பட்டுத் தேங்காய்ப் பாலின் மூன்றாம் பிழிவு வரை வர்ணித்ததில் மனிதர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுத் தேம்பினார். கப்பலின் சங்கு தானாக ஊதியது. ‘உன்னைப் போன்றவன் இருக்கிற ஊரில் சுவைக்கென்று ஒரு சபை இல்லாவிட்டால் இந்தக் கடல் வற்றிப்போகும்’ என்று சொல்லிவிட்டுப் போனார். முதல் தடவை சொன்னபோது அவர் வெறும் கேப்டன். இரண்டாம் கிறிஸ்துமசுக்குள் ராஜகுடும்பத்து மருமகனாகிவிட்டார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் தலையில் கிரீடம் முளைத்திருக்கும்.

பாட்டில் கொடுத்தது நிஜம். மிச்சமெல்லாம் நான் ஏற்றிய சரக்கு. கேப்டன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. அன்று காலை என்ன சாப்பிட்டேன் என்பது அன்று மத்தியானமே எனக்குத் தெரியாது.

நடந்தது இது. அந்தப் பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுவந்து, சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு மச்சாதுவைக் கூப்பிட்டேன். அவரை உனக்குத் தெரியும், ஸ்டெல்லாவுக்குப் படித்துக் காட்டுவாய் என்பதால் சொல்கிறேன்: கொழும்புக்குப் போகும் மூன்று தோணிகளின் சொந்தக்காரர், முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் குளியாட்களை ஏற்றிப்போன குடும்பம். ஒயினைக் குடித்தோம். சாப்பிட உட்கார்ந்தோம். நான் வழக்கம்போல் இடது கையில் பேப்பரைப் பிடித்துக் கப்பல் வரும் நாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“என்ன மீன் வே இது? கொழம்பு வேற மாதிரி இருக்கே” என்றார் மச்சாது.

“மீனுதான்” என்றேன்.

“என்ன மீனுன்னு கேட்டேன்.”

“நல்ல மீனு” என்றேன், பேப்பரைத் திருப்பிக்கொண்டே.

உங்கம்மா அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். யாராவது சாப்பிட வந்தால் அவள் நிற்கிற இடம் அதுதான். காலிப் பாட்டிலை எடுத்துப் போய்க் கழுவி அலமாரி மேல் வைத்தாள். பச்சைக் கண்ணாடி அவளுக்குப் பிடித்திருந்தது போல.

அடுத்த சனிக்கிழமை மச்சாது தானாகவே வந்தார். சாப்பாட்டையும் ஒயினையும் முறையாக ருசித்து அறிய ஒரு சங்கம் வைக்கலாமா என்றார். எனக்கு அது போதாதா? அன்று சாயங்காலத்துக்குள் ‘முத்துக்கரை உண்டி ரசச் சுவைஞர் மகாசபை’ என்று பெயர் வைத்து, என்னை நானே ஏகமனதாகத் தலைவராகத் தேர்ந்தெடுத்து, உலகத்தின் நாக்கைத் திருத்துவதே நோக்கம் என்று நோட்டில் எழுதினேன். அதற்கு அடியில் நான் போட்ட கையெழுத்து அரைப் பக்கம் வரும். மூன்றாவது உறுப்பினராகக் கருப்பட்டிக் கடைத் தங்கப்பழம் அண்ணாச்சி வந்தார். சாத்தான்குளத்துக்காரர். திருச்செந்தூர் முருகனுக்கு வாக்குக் கொடுத்திருந்ததால் ஒரு சொட்டுக் குடிக்கமாட்டார், மோந்து மட்டும் பார்ப்பார். பாரிசிலும் ரோமிலும் இருக்கிற எல்லா ஒயின் சங்கங்களின் மூக்குகளையும் மூட்டைகட்டித் தராசில் வைத்தாலும் அவர் மூக்கு இருக்கிற தட்டுதான் இறங்கும்.

விதிகளை உன் நோட்டுக்காக எழுதுகிறேன். மாதத்தில் முதல் சனிக்கிழமை மத்தியானம், நம் வீட்டில். பதார்த்தமும் பாட்டிலும் யார் வீட்டிலிருந்து வந்தது என்பது தீர்ப்பு முடியும்வரை தெரியக்கூடாது. ஆகவே பாட்டில்களைப் பேப்பரில் சுற்றி எண் எழுதிவிடுவோம். குடிக்காதவர் என்பதால் தங்கப்பழம் அண்ணாச்சியிடம்தான் பெயர்ச்சீட்டு இருக்கும். குளியாள் மாதிரி மூச்சை அடக்கி, வாயில் வைத்து, மூன்று எண்ணி, பிறகுதான் மூச்சை விட வேண்டும். அப்போதுதான் ருசி மேலே வரும் என்பது மச்சாது கொண்டுவந்த முறை. ‘நல்லாயிருக்கு’ என்று யாரும் சொல்லக்கூடாது. வாயில் என்ன இருக்கிறதோ அதைத்தான் சொல்ல வேண்டும். தவறி ‘நல்லாயிருக்கு’ என்றவர் அன்றைய தட்டுகள் எல்லாவற்றையும் கழுவ வேண்டும். பெண்களுக்கு இடமில்லை. நாலாவது நாற்காலி காலியாகக் கிடந்ததால் பூனையை உறுப்பினராக்கினோம். அது ஒரு நாளும் ‘நல்லாயிருக்கு’ என்று சொன்னதில்லை என்பதை நான் நோட்டில் பாராட்டி எழுதியிருக்கிறேன். பூனையை உறுப்பினராக்கினோம், ஜோயல். உங்கம்மாவை ஆக்கவில்லை.

மூன்றே மாதத்தில் எனக்கு நாக்கு முளைத்துவிட்டது என்று ஊரே பேசிக்கொண்டது. நாக்கைவிட வாய்தான் வளர்ந்தது. அடுத்த கிறிஸ்துமசுக்கு ஆறு வீடுகளிலிருந்து, பண்டிகைக்கென்று வீட்டிலேயே ஊறப்போடுகிற ஒயின் ஆறு பாட்டில் வந்தது. ‘நான் இந்த வருஷம் தரலை, சபைக்கெல்லாம் குடுக்கிற மாதிரியா நான் போடுதேன்’ என்று உங்கம்மா முன்னாலேயே சொல்லிவிட்டாள். நீயும் அன்று இருந்தாய், லீவுக்கு வந்திருந்தாய், வராந்தாவில் உட்கார்ந்து சிரித்தாய். மூன்றாம் எண் பாட்டிலுக்கு நான் சொன்ன தீர்ப்பை நீ இன்றைக்கும் நடித்துக் காட்டுவாய்.

“கனவான்களே! இது திராட்சையில் செய்ததல்ல. திராட்சையின் மேல் யாரோ போட்ட வழக்கு. மச்சாதுவின் தோணி அடியில் நாலு மழைக்காலம் தேங்கின தண்ணீரை இறைத்துச் சுக்குத் தட்டிப்போட்டுச் சுட வைத்தாலும் இதைவிட மரியாதையாக இருக்கும். இதைக் கடலில் கொட்டினால் சிலோன் வரைக்கும் மீன்கள் வாந்தியெடுக்கும்!”

மச்சாது சிரித்துச் சிரித்துப் புரையேறி மேசையைப் பிடித்துக்கொண்டார். தங்கப்பழம் அண்ணாச்சி மட்டும், “போதும் தலைவரே, உக்காரும்” என்றார். நான் உட்காரவில்லை. கைதட்டல் இருக்கும்போது உட்கார எனக்குத் தெரியாது. இன்னும் ஐந்து நிமிஷம் பேசினேன். யார் வீட்டுப் பாட்டில் என்று கேட்டபோது அண்ணாச்சி சீட்டைப் பார்க்காமலேயே, “எங்க பக்கத்து வீட்டுல போட்டது” என்றார். அடுக்களைக்குள் அதுவரை கேட்டுக்கொண்டே இருந்த பாத்திரம் உருட்டுகிற சத்தம் நின்றிருந்தது. அதை அப்போது நான் கவனித்தேனா, இப்போது சேர்த்துக்கொள்கிறேனா, தெரியவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து உங்கம்மா ஒயின் போடவில்லை. ஜாடியைக் கிளறக் கை வலிக்கிறது என்றாள். சரி என்றேன். கடைகளை மறுபடி மூடி மதுவிலக்கு வந்ததும் ஒயின் எழுதும் பக்கமே நோட்டில் குறைந்து போனது, நானும் மறந்துவிட்டேன்.

உங்கம்மா ஈஸ்டர் முடிந்த மூன்றாவது வாரம் போனாள். நீ வந்தாய், அடக்கம் முடிந்தது, ஒன்பது நாள் இருந்தாய், ரயிலேறினாய். நான் ஆபீசுக்குப் போனேன். இதில் எழுத ஒன்றுமில்லை. அழுகை வரவில்லை. வருத்தமாக இருக்கிறதா என்று பலர் கேட்டார்கள், இருக்கிறது என்று சொல்வதுதான் மரியாதை என்பதால் சொன்னேன். ஆணியில் மாட்டின சட்டை மாதிரி இருந்தேன். இப்போதும் அப்படித்தான்.

ஜூன் மாதம் அவள் புடவைகளை எடுத்துக் கொடுக்கலாம் என்று பெட்டியைத் திறந்தேன். அடியில் அந்தப் பச்சைப் பாட்டில் இருந்தது. கேப்டன் பாட்டில். நிரப்பி, தக்கை அடைத்து, மெழுகு வைத்து, பேப்பரில் சுற்றி நூல் கட்டியிருந்தாள். பேப்பரின் மேல் நீல மையில் ‘3’ என்று எழுதி, அதற்குக் கீழே ‘ஜோயல் கல்யாணத்துக்கு’ என்று எழுதியிருந்தது. அவள் கையெழுத்து. போன கிறிஸ்துமசுக்கு எனக்குத் தெரியாமல் போட்டிருக்கிறாள். ஒன்றும் இரண்டும் எங்கே என்று நான் வீடு முழுக்கத் தேடினேன். அரிசிப் பானைக்குள்கூடக் கையை விட்டுப் பார்த்தேன்.

நாக்கு போனது எப்போது என்று தெரியவில்லை. ஒரு நாள் ஆபீஸ் பியூன், “என்ன சார், காப்பியில சீனி போட மறந்துட்டேன், நீங்க சொல்லவே இல்ல” என்றான். அப்போதுதான் தெரிந்தது. அடுத்த நாள் புதுத் துறைமுகத்துக்குப் போகிற பஸ்ஸிலிருந்து பாதி வழியில் இறங்கி, உப்பளத்தில் குவித்து வைத்திருந்த உப்பில் ஒரு கை அள்ளி வாயில் போட்டேன். நறநறவென்றது. வேறு ஒன்றும் இல்லை. மணலாக இருந்திருந்தாலும் அப்படித்தான் இருந்திருக்கும். உப்பு வாருகிற பெண் ஒருத்தி, “என்ன சார், வீட்டுல உப்பு தீந்து போச்சா?” என்றாள். “சாம்பிள் பாக்குதேன்” என்றேன். டாக்டரிடம் போனேன். நாக்கை நீட்டச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்து, நல்லாயிருக்கு என்றார். நம் விதிப்படி அவர் தட்டுக் கழுவியிருக்க வேண்டும்.

சபையை நான் நிறுத்தவில்லை. அதுதான் வெட்கக்கேடு. பழைய நோட்டில் எழுதினதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு, மீனைப் பார்த்தவுடன் மீனுக்கான பேச்சு, கறியைப் பார்த்தவுடன் கறிக்கான பேச்சு என்று ஓட்டினேன். போன மாதம் முதல் சனிக்கிழமை மச்சாது வீட்டிலிருந்து சீலாமீன் குழம்பு வந்தது. மூச்சை அடக்கினேன், மூன்று எண்ணினேன், எழுந்தேன்.

“கனவான்களே, உப்பைப் பாருங்கள்! சபைக்கு வந்து முகத்தைக் காட்டாமல், வளையல் சத்தத்தில் மட்டும் தான் வந்ததைச் சொல்கிற மணப்பெண் மாதிரி...”

யாரும் சிரிக்கவில்லை. பூனை தட்டை மோந்து பார்த்துவிட்டு இறங்கிப் போனது.

“என்னவே சொன்னீரு?” என்றார் மச்சாது.

“உப்பு அளவா இருக்குன்னு சொல்லுதேன்.”

“இதுல உப்பே போடலவே.” அவர் குரல் சின்னதாக இருந்தது. “வீட்டுல சொல்லி வேணும்னேதான் போடாம கொண்டாந்தேன். ரெண்டு மூணு மாசமா பாக்குதேன். தட்டுல இருக்குதது ஒண்ணு, நீரு பேசுதது ஒண்ணு. எத்தன நாளாவே இப்படி?”

“தெரியல.”

“எங்ககிட்டயாவது சொல்லக்கூடாதா?”

தட்டுகளை அடுக்கிக்கொண்டு புறவாசல் குழாயடிக்குப் போனேன். யாரும் என்னைக் கழுவச் சொல்லவில்லை. மச்சாது பின்னாலேயே வந்து கதவு நிலையில் சாய்ந்துகொண்டார்.

“சபைய நாந்தான் ஆரம்பிக்கலாம்னேன்னு நெனச்சிட்டிருக்கீரு. நான் இல்லவே. அன்னைக்கு ‘நல்ல மீனு’ன்னு சொன்னீரே, அதுக்கு மறுநாளு உம்ம வீட்டு அக்கா எங்க வீட்டுக்கு வந்தாக. ‘இருவத்திரெண்டு வருசமா ஆக்கிப் போடுதேன். இவுகளுக்கு வாயில நாக்கு இருக்கா, இல்ல கப்பல் காயிதத்த மடிச்சு வச்சிருக்காகளான்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்’னாக. சங்கம்னு வச்சா நீரு துள்ளிக் குதிச்சு வருவீருன்னு சொன்னதும் அவுகதான். ‘நல்லாயிருக்கு’ன்னு சொன்னா தட்டுக் கழுவணும்னு ரூலு போட்டமே, அதும் அவுக போட்டதுதாம்வே.”

நான் கழுவிக்கொண்டிருந்தேன். தங்கப்பழம் அண்ணாச்சியும் வந்து நின்றார். பிறகு, “எங்கிட்டயும் ஒண்ணு கெடக்கு தலைவரே” என்றார். “அந்த மூணாம் நம்பரு பக்கத்து வீட்டுது இல்ல. உம்ம வீட்டுதுதான். கருப்பட்டியக் கருக்கி, சுக்குப் போட்டு அவுக போடுததுதான். தரலன்னு உம்மகிட்ட சொல்லிட்டு எங்கிட்ட குடுத்துவிட்டாக. ‘வருசாவருசம் குடிக்காகல்ல, கண்டுபிடிக்காகளான்னு பாப்போம்’னாக.”

“பெறவு ஒண்ணும் சொல்லலியா?” என்றேன்.

“மறுநா கடைக்கு வந்தாக. ‘ஆளு நல்லாப் பேசுதாக இல்ல, அண்ணாச்சி’ன்னு சிரிச்சாக. அதுக்குப் பெறவு ஒயினுக்குன்னு கருப்பட்டி வாங்கல. போன டிசம்பர்லதான் ஒரு வட்டு வாங்குனாக.”

தட்டு சுத்தமாகிவிட்டது. மறுபடி சாம்பலைப் போட்டுத் தேய்த்தேன். இருபத்துச் சொச்சம் வருஷம் குடித்த ஒயின், ஜோயல். அதை யாரோ ஊரான் வீட்டுச் சரக்கு என்று நினைத்து, வீட்டுக்குள் அவள் நிற்கும்போது, கைதட்டலுக்காக ஐந்து நிமிஷம் கூடுதலாகப் பேசினேன். அவள் மறுபடியும் அதே எண்ணைப் போட்டு ஒரு பாட்டிலை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். இன்னொரு தடவை கேட்டுப் பார்க்கலாம் என்று நினைத்திருப்பாள். நான் அதற்கு ஒன்றையும் இரண்டையும் தேடிக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போதாவது நெஞ்சில் ஏதாவது நடக்கும் என்று பார்த்தேன். நடக்கவில்லை. கை எழுதுகிறது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். தோற்றம்: தூத்துக்குடியில் ஒரு பெண், தான் ஆக்கியது இன்னொருவர் வாய்க்குள் போய் என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ள விரும்பினாள். நோக்கமும் அதுவேதான். இதை உன் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள், கேப்டனை எடுத்துவிடு. ஸ்டெல்லாவுக்கு ஒரு நாற்காலி போடு. போன கடிதத்தில், அவள் ஏதோ செய்து டிபன் பாக்சில் கொடுத்துவிட்டதாகவும் ‘நல்லாயிருந்தது’ என்றும் எழுதியிருந்தாய். அது என்னடா என்று கேட்க நினைத்து விட்டுவிட்டேன். இப்போது கேட்கிறேன். என்ன அது? அதில் என்ன போட்டிருந்தாள்? தெரியாவிட்டால் போய் அவளிடம் கேள். அப்புறம் அவளுக்கு நீ ஒரு நாள் ஆக்கிப் போட்டு, அவள் வாயைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நில். நான் செய்யாத வேலை அது, எப்படிச் செய்வதென்று உனக்குச் சொல்லித்தர எனக்குத் தெரியாது.

விருந்தில் நான் எழுந்து பேசமாட்டேன். ஸ்டெல்லா வீட்டாரிடம் தலைவருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிவிடு. உலகத்திலேயே பெரிய தொண்டைக்கட்டு என்று வேண்டுமானால் சேர்த்துக்கொள். ஆனால் பாட்டிலைக் கொண்டுவருகிறேன், சட்டத்துக்கும் போதகருக்கும் தெரியாமல், வேட்டிக்குள் மடித்து. எல்லாரும் போன பிறகு கல்யாண வீட்டுப் பின்கட்டில் மேசையைப் போட்டு நீயும் ஸ்டெல்லாவும் உட்காருங்கள். மச்சாதுவும் வருவார். மோந்து பார்க்க அண்ணாச்சியும் வருவார். மெழுகை நீயே எடு. மூச்சை அடக்கு, மூன்று எண்ணு, விடு. ‘நல்லாயிருக்கு’ என்று சொல்லிவிடாதே. கருக்கின கருப்பட்டி முன்னால் வருகிறதா, பின்னால் வருகிறதா, சுக்குத் தொண்டையில் எங்கே நிற்கிறது, திராட்சைத் தோலின் கசப்பு இன்னும் இருக்கிறதா, என்ன இருக்கிறதோ அதைச் சொல். ஒரு வருஷமாகப் பெட்டியில் கிடக்கிறது, புளித்துக் காடியாகியிருந்தால் காடி என்று சொல். எனக்காகப் பொய் சொல்லாதே, அந்த வேலையை நான் இந்தக் குடும்பத்துக்குப் போதுமான அளவு செய்துவிட்டேன்.

எனக்கு நாற்காலி போட வேண்டாம். நான் குடித்தால் அது வீண். அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நிற்கிறேன். அங்கே நின்றால் மேசையில் பேசுவது எவ்வளவு தூரம் காதில் விழும் என்று எனக்குத் தெரியாது, நின்று பார்த்ததில்லை. அதனால் கொஞ்சம் சத்தமாகவே சொல்.

அப்பா